பூஜ்யக் கோட்டுக்குக் கீழே

பிப்ரவரி 6, செவ்வாய்

குரல்வளையைக் கீழே இறக்குவது எப்படி? எனக்குத் தெரியாது. இறங்கினால் என்ன நடக்கும் என்பது தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். இன்று ஒரு மாணவி எழுந்து கேட்டுவிட்டாள்: "மேடம், எந்தத் தசைய அசைக்கணும்?" கழுத்தின் முன்பக்கத் தசைகளின் பெயர்களைச் சொன்னேன். "பேரு இல்ல மேடம். எப்படி அசைக்கறது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அதுவரை பாடம் நன்றாகத்தான் போனது. உள்வெடிப்பொலி என்றால் மூச்சை இழுத்துக்கொண்டே பேசுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்பு என்பதில் ஆரம்பித்தேன். உதடு மூடியிருக்கும். நுரையீரல் வழக்கம்போல் காற்றை மெதுவாக மேலே அனுப்பும். குரல்நாண்கள் துடித்துக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் குரல்வளை மொத்தமாகக் கீழே இறங்கும். வாய்க்குள் இடம் பெரிதாகி அழுத்தம் குறையும். உதடு திறந்ததும் காற்று கொஞ்சம் உள்ளே வரும். பல சமயம் அதுகூட வராது. சிந்தி, ஹவுசா, வியட்நாமியம், சுவாஹிலி என்று உதாரணங்களும் கொடுத்தேன். கடைசியில், பல் டாக்டரான என் வீட்டுக்காரரிடம் வாங்கிவந்த ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்து, அதன் வாயை விரலால் அடைத்துத் தண்டை இழுத்தேன். விரலை எடுத்ததும் 'டப்'. கைதட்டினார்கள்.

சிரிஞ்சுக்கு வருகிறது. எனக்கு வராது.

அந்த நேரம் பார்த்துத்தானா புதுசு வரவேண்டும்? (போன மாதம் எங்கள் மொழியியல் துறையில் ஆசிரியையாகச் சேர்ந்தவள். மனசுக்குள் நான் வைத்த பெயர்.) புரொஜக்டர் வயர் கேட்டு வந்தவள், மாணவிகள் கேட்டதும் வாசலில் சாய்ந்தபடியே சொல்லிக் காட்டினாள். 'ப' மாதிரிதான். ஆனால் உருண்டையாக, ஈரமாக, நிறைந்த குடத்தில் இன்னொரு சொட்டு விழுந்ததுபோல. நான்கு உள்வெடிப்பொலிகளையும் வரிசையாக. வயரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கே கற்றாள் என்று பிறகு கேட்டேன். "கத்துக்கவே இல்லக்கா. சின்ன வயசுல மாடி வீட்டுக்காரங்க பாஷையில இருந்துச்சு. அவங்க பொண்ணோட விளையாடுவேன், அதான்."

அதானாம். அக்காவாம். யார் கேட்டது?

பிப்ரவரி 8, வியாழன்

காலையில் சமையலறையில் கைக்கண்ணாடியைக் கழுத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முயன்றுபார்த்தேன். குரல்வளை நகரவில்லை. தாடைதான் இறங்கியது.

"விக்கலா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல."

"அப்ப ஏப்பமா? அடக்காத, உடம்புக்கு ஆகாது."

"வேலைங்க. இது என் வேலை."

"என் பேஷன்ட் எல்லாம் இத சம்பளமில்லாமலே பண்றாங்கம்மா," என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைத் திருப்பினார்.

சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

கூட்டம். பாடத்துக்கான ஒலிப்பதிவு பழசாகிவிட்டது, புதிதாக எடுக்கவேண்டும் என்றார் துறைத்தலைவர். ஒரே குரலில் எல்லா ஒலிகளும்.

பழைய பதிவு என் குரல். இருபத்தேழு வயதில், போர்வையால் ஜன்னலை மூடிய அறையில் உட்கார்ந்து சொன்னது. இன்றைக்கும் எங்கேயாவது நான் வாயைத் திறந்தால், "நீங்கதானே அந்த கேசட் மேடம்?" என்று யாராவது திரும்பிப் பார்க்கிறார்கள். வேறு எதற்காகவும் என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அதில் உள்வெடிப்பொலிகள் நான்கு மட்டும் என்னுடையவை இல்லை. எங்கிருந்தோ வாங்கிய ஓர் ஆண் குரல். என் குரலுக்கு நடுவே யாரோ வந்து தொண்டையைக் கனைத்துவிட்டுப் போவதுபோல் இருக்கும்.

"உங்க குரல்தான் எல்லாருக்கும் பழக்கம். ஆனா அந்த நாலு..." என்று இழுத்தார் தலைவர். "அடுத்த திங்கள் முடிவு பண்ணிடலாம்."

புதுசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதையாக. அந்த மரியாதையைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தால்கூட வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

அவள் சொல்வது உண்மையிலேயே உள்வெடிப்புதானா? காதுக்கு அப்படிக் கேட்கிறது, சரி. காதை நம்பியா இத்தனை வருடம் பாடம் நடத்தினேன்? அளந்து பார்த்தால் என்ன? இது ஆராய்ச்சி மனப்பான்மை.

இல்லை. பொறாமை. இங்கேயாவது அந்தச் சொல்லை எழுதலாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, புதன்

அழுத்தமானியைத் தூசி தட்டி எடுத்தேன். அதில் இரண்டு மூக்குகள். ஒன்றில் செருகும் குழாயின் மறுமுனை பேசுகிறவரின் வாயோரமாக உள்ளே போகும். இன்னொன்றில் செருகும் குழாய் அறைக் காற்றுக்கு. வாய்க்குள் அழுத்தம் ஏறினால் திரையில் கோடு பூஜ்யத்துக்கு மேலே போகும், குறைந்தால் கீழே. குழாய்களை வெந்நீரில் கழுவி, துண்டில் உலர்த்தி, மறுபடி மாட்டினேன். நானேதான். இந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை.

பிப்ரவரி 15, வியாழன்



ஒலி அடைத்த அறையில் இருவரும் ஒரே சொற்களைப் படித்தோம். சாதாரண ஒலிகள், உள்வெடிப்பொலிகள், கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க 'அப்பா'. குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "பல் டாக்டர்கிட்ட போன ஞாபகம் வருதுக்கா," என்று சிரித்தாள் புதுசு. அவள் போனபிறகு உள்வெடிப்பொலிகளின் கோடுகளை மட்டும் திறந்து பார்த்தேன்.

அவளுடையது மேலே போகிறது.

என்னுடையது கீழே.

மறுபடி பார்த்தேன். பெயர் மாறிவிட்டதோ என்று குரலைப் போட்டுக் கேட்டேன். மாறவில்லை. என் கோடு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே, அழகாக, நான் கரும்பலகையில் வரைகிற படத்தைப் போலவே. அப்படியானால் எனக்கு இத்தனை நாளும் வந்துகொண்டுதான் இருந்ததா? என் காதுக்குத்தான் தெரியவில்லையா? அவளுடையது வெறும் 'ப'வின் வேஷமா?

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் உதட்டை மூடி மூடித் திறந்துகொண்டு. எதிரே வந்தவர் ஒருவர் விலகிப் போனார்.

பிப்ரவரி 16, வெள்ளி

தலைவரிடம் காட்டினேன். அவர் இலக்கணக்காரர், கோடும் வளைவும் அவருக்கு ரயில்பாதை மாதிரிதான், ஒன்றும் புரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை, "நீங்களே பாருங்க சார்," என்பதோடு சரி. மேலே போவது என்ன, கீழே போவது என்ன என்று கேட்டார். அதைச் சொன்னேன். "அட!" என்றார். புதுசையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப இவ்ளோ நாளா நான் தப்பாவா சொல்லிட்டிருந்தேன்?"

வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். மத்தியானம் என் அறைக்கு வந்து, "சொல்லிக் குடுங்கக்கா," என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். நான்! அவள் தொண்டையில் இரண்டு விரல்களை வைத்து, "இப்ப சொல்லு," என்றேன். விரல்களுக்கு அடியில் குரல்வளை லிஃப்ட் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. என் கழுத்தில் ஒரு நாளும் நான் உணராத இறக்கம். விரல்கள் சொன்னதைக் கேட்டேனா? "பத்தாது. இன்னும் கீழ. தாடைய இறுக்கு," என்றேன்.

"சரிக்கா. வீட்டுல பழகிட்டு வரேன்."

பிப்ரவரி 17, சனி

"என்ன, லாட்டரி விழுந்த மாதிரி முகம்?" என்றார் வீட்டுக்காரர். மழைக்கு முன்னாலேயே துணியை எடுத்துவிட்டேன், அதனால் என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கூட்டத்துக்குப் படம் தயாரிக்க உட்கார்ந்தேன். ஒப்பிட ஒரு சாதாரண ஒலி வேண்டுமே என்று என் 'அப்பா'வைத் திறந்தேன்.

கோடு கீழே போயிருந்தது. கிணறு மாதிரி.

முதலில் சிரித்தேன். 'அப்பா' என்கிறபோது உதட்டுக்குப் பின்னால் காற்று முட்டிக்கொண்டு நிற்கும். அழுத்தம் ஏறியே ஆகவேண்டும். கீழே போகவே முடியாது, உலகத்தில் யாருக்கும். அவளுடைய 'அப்பா'வைத் திறந்தேன். அதுவும் கிணறு. சாதாரண ஒலிகள் எல்லாமே கிணறு. அவளுடைய உள்வெடிப்பொலிகள் மட்டும் மேலே.

குழாய்கள். துண்டில் உலர்த்தி மாட்டும்போது இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன். வாய்க்குரிய மூக்கில் அடையாளத்துக்கு வைத்த சிவப்புப் பொட்டு எப்போதோ தேய்ந்துபோயிற்று. மொத்தப் படமும் தலைகீழ். அவள் சரி. என்னுடையது எப்போதும்போல வெறும் 'ப'.

முதல் ஆண்டு மாணவிகளுக்குச் சொல்வேன்: கருவியை நம்புவதற்கு முன் தெரிந்த ஒலியைக் கொடுத்துப் பார். வியாழக்கிழமையே 'அப்பா' கையில் இருந்தது. திறக்கவில்லை. எதையும் லேசில் நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். எனக்குப் பிடித்த பதில் வந்ததும் அந்தச் சந்தேகமெல்லாம் எங்கே போய்ப் படுத்துக்கொண்டது?

கூடத்தில் அரைத்தூக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "ஏங்க, ஒரு மெஷின் நீங்க ஆசப்பட்டதையே காட்டினா என்ன செய்வீங்க?"

"எக்ஸ்ரேயத் திருப்பிப் போட்டுப் பாப்பேன்." கண்ணைத் திறக்கவில்லை. "தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு தடவ திருப்பி மாட்டிட்டு வலது பக்கத்துப் பல்லப் பிடுங்கப் போயிட்டேன். நல்லவேள, 'யோவ், வலிக்கிறது இந்தப் பக்கம்யா'ன்னு அந்த அம்மா கத்தினாங்க."

இவள் கத்தமாட்டாள். 'சரிக்கா' என்று போய்விட்டாள்.

நாளை ஒன்றும் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? தலைவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. குழாய்களைச் சரியாக மாட்டிவிட்டால் கருவிக்கும் நினைவிருக்காது. மறுபடி என் குரல், இன்னும் இருபது வருடம். அந்த நான்கு ஒலிகளும் தப்பாக — என் தப்பான குரலில் — வருகிற பிள்ளைகள் எல்லாம் அதைக் கேட்டு... ச்சே. என்ன பொம்பள நான்?

சொல்வேனா? எழுதிக்கொண்டே இருந்தால் தெரிந்துவிடும் என்று பார்த்தேன். தெரியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் உட்காருவதற்குள் புதுசு ஆரம்பித்துவிட்டாள். "சார், அக்காவே பண்ணட்டும். எனக்கு வரல. ரெண்டு நாளா பழகிப் பாத்தேன், இருந்ததும் போயிடுச்சு." குரல் கரகரத்தது. தலைவர் பேனாவைத் திறந்தார்.

"குழாய் மாறிப்போச்சு சார்," என்றேன். "நான்தான் மாத்தி மாட்டிட்டேன். படம் தலகீழ். அவ சொன்னதுதான் சரி."

"எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

நேற்றே ஏன் போன் செய்யவில்லை என்று அவர் கேட்கவில்லை. பேனாவை மூடினார். புதுசு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழம என் தொண்டையில கை வெச்சுப் பாத்தீங்களேக்கா?"

"ஆமா."

"அப்பவே தெரியலயா?"

"விரலுக்குத் தெரிஞ்சுது," என்றேன்.

இப்போதே அளந்துவிடலாம் என்றார் தலைவர். மூவரும் போனோம். அவர்கள் பார்க்கக் குழாய்களைச் சரியாக மாட்டி, நானே முதலில் 'அப்பா' சொன்னேன். கோடு மேலே போனது. பிறகு அவள் உட்கார்ந்தாள். சொன்னாள்.

கோடு மேலே போனது.

மறுபடி. மேலே. தாடை இறுகியிருந்தது, நான் சொல்லிக் கொடுத்தபடியே. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. குரல்வளை அசையவில்லை. காதுக்கும் வெறும் 'ப'தான். இரண்டே நாளில் அவளை என்னைப் போல ஆக்கியிருக்கிறேன். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இத்துடன் விட்டிருக்கலாம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, விட்டுவிடவும் நினைத்தேன்.

"மாடி வீட்டுப் பொண்ணு பேரு என்ன?" என்றேன்.

"எதுக்குக்கா?"

"விளையாட எப்படிக் கூப்பிடுவ? கீழ இருந்து. அவ மாடியில இருக்கா. கூப்பிடு."

வாயில் குழாயோடு, கழுத்தை நிமிர்த்தி, அறையின் மேல்மூலையைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். பெயரின் முதல் ஒலியிலேயே கோடு பூஜ்யத்தைத் தாண்டி விழுந்தது. உருண்டையாக, ஈரமாக, நிறைந்த குடத்தில் இன்னொரு சொட்டு.

"இதுதானா?" என்றார் தலைவர். இதுதான் என்றேன். "அப்ப இவங்களே பண்ணட்டும்," என்று எழுந்து போனார்.

பதிவுக்காக, ஒலி அடைத்த அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடு நானும், அந்தப் பக்கம் அவளும்.

"இன்னொரு தடவ," என்றேன்.

"ஏன், சரியில்லயா?" அக்கா என்று சொல்லவில்லை.

சரியாகத்தான் இருந்தது. "இன்னொரு தடவ கூப்பிடு," என்றேன்.