மருந்து குடித்ததும் பேச வேண்டும்

பேச்சுக்குக் குறைவே வைக்காத என் கணேசு அண்ணே,

நேற்று உங்களுக்கு முதல் திதி கொடுத்தோம். ஐயர் சொன்னதையெல்லாம் அப்பா திருப்பிச் சொன்னார். இரண்டு இடத்தில் தடுமாறினார். உங்கள் கூட்டாளி சேகர் அண்ணன் வாழையிலை வாங்கி வந்தார். திதிக்குச் சைவம் என்பதால் உங்களுக்குப் பிடித்த கணவாய் சம்பல் வைக்க முடியவில்லை. கோபப்படாதீர்கள். தைப்பூசம் முடிந்ததும் செய்து வைக்கிறேன், அங்கே உங்களோடு இருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து.

நான் இன்னும் அதே டோபிக் கடையில்தான் வேலை செய்கிறேன். ஹோட்டல் விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, காய்ந்ததும் மடித்து அடுக்குவேன். வகுப்பில் எழுந்து சத்தமாகப் படிக்கச் சொல்வார்களே என்ற பயத்திலேயே படிவம் மூன்றோடு பள்ளியை விட்ட எனக்கு இது ஏற்ற வேலைதான். "பேச்சே தேவைப்படாத கடையா பாத்துப் புடிச்சிட்ட லா" என்று நீங்கள் கேலி செய்தீர்கள். உங்கள் மோட்டார் சைக்கிளை இப்போது அப்பா ஓட்டுகிறார். ஹாரன் இன்னும் சரியாக அடிக்காது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கும் இடத்தில் போடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "போடு. உள்ளத எழுது" என்றார். இத்தனை நாளும் எல்லாரிடமும் ஹார்ட் அட்டாக் என்றுதான் சொல்லி வந்தோம். உங்கள் இதயம் நின்றது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் நின்றது மூச்சு.

போதையை விடுவதற்காகக் கிளினிக்குக்கு நீங்கள் முதலில் போன நாட்களில் என்னையும் கூட்டிப் போனீர்கள். வீட்டிலிருந்து ஒருவர் வந்தால் நல்லது என்று அங்கே சொன்னார்களாம். அப்பா வர மாட்டார், அதனால் நான். மருந்துக் கவுண்டரில் மிஸ் ஒரு சின்னக் குவளையில் ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோனை அளந்து ஊற்றுவார். அவர் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். குடித்ததும் பேச வேண்டும். சிலர் மருந்தை வாயிலேயே வைத்துக்கொண்டு வெளியே போய் விற்றுவிடுவார்களாம். பேசினால்தான் விழுங்கியது தெரியும்.

"குடிச்சாச்சா கணேசன்? பேசுங்க."

"மிஸ் இன்னைக்குப் புதுச் சட்ட போட்டிருக்காங்க."

"இது நேத்துப் போட்டதே. சரி, போங்க."

நானாக இருந்தால் அந்தக் கவுண்டரிலேயே செத்திருப்பேன் என்று வெளியே வந்து சொன்னேன். "நீ பேசாம வெச்சிருக்கறதையெல்லாம் சேத்து நான் பேசிடறேன், விடு" என்றீர்கள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அன்று காலை என்ன பேசினீர்கள் என்று சொல்வது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த மருந்து தலைக்குள் என்ன செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன். நாம் இருவரும் மோட்டார் வைக்க இடம் தேடி காய்கறிப் பாசாரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

"மண்டைக்குள்ள ஒரு கார் பார்க் இருக்குன்னு வெச்சுக்க. சரக்கு ரேஸ் கார் மாதிரி சீறிக்கிட்டு வரும், நிக்கும், கொஞ்ச நேரத்துல கிளம்பிப் போயிரும். எடம் காலியானதும் மண்ட கத்த ஆரம்பிச்சிரும், அடுத்தது கொண்டா, அடுத்தது கொண்டான்னு. இந்த மருந்து பழைய கஞ்சில் மாடல் குட்டிக் கார். மெதுவாத்தான் வரும். ஆனா ஒரு எடத்தப் புடிச்சா மறுநாள் காலையில வரைக்கும் நகராது. அப்புறம் ரேஸ் காரே வந்தாலும் நிக்க எடம் ஏது?"

"அவ்வளவு நேரம் நின்னா பார்க்கிங் சம்மன் வெக்க மாட்டாங்களா?"

நீங்கள் மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள். "பேசறதே இல்ல, பேசுனா இப்படிப் பேசுது!"

அந்தப் பழைய கார் நின்ற காலத்தில் நம் வீடு எப்படி இருந்தது என்று அடிக்கடி நினைக்கிறேன். உங்கள் மூக்கு ஒழுகவில்லை, கை நடுங்கவில்லை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு ஒழுங்காகப் போனீர்கள். அதிகமாக வியர்த்தது. வயிறு இறுகிப்போய் தினமும் பப்பாளி தின்றீர்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி, உங்களுக்குச் சரியாக வந்ததும் அங்கேயே நிறுத்தினார்கள். குடித்தால் எப்படி இருக்கும், பறக்கிற மாதிரி இருக்குமா என்று கேட்டேன். "ஒண்ணும் ஆவாது லா. ஒண்ணும் ஆவாம இருக்கத்தான் அத குடிக்கறோம்" என்றீர்கள்.

பிறகு போன தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டீர்கள். திருந்திவிட்டேன் என்று முருகனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றீர்கள். விரதம் தொடங்கும் முன்பு அப்பா ஒன்றுதான் கேட்டார். "அந்த மருந்தும் போதைதான்டா. அதக் குடிச்சிட்டா சாமி முன்னாடி நிப்ப?"

"டாக்டர்கிட்ட கேக்கணும்பா."

"முருகன விடவா டாக்டரு?"

நீங்கள் டாக்டரிடம் கேட்கவும் இல்லை, மறைத்துக் குடித்து அப்பாவை ஏமாற்றவும் இல்லை. மறுநாளே நிறுத்தினீர்கள். எலும்பெல்லாம் வலிக்கிறது என்று சுருண்டு படுத்தீர்கள். வாந்தி வந்தது, தூக்கம் போனது. உடம்பிலிருந்து விஷம் இறங்குகிறது என்று அப்பா நம்பினார். அதிலும் தாக்குப்பிடித்து ஒருவேளைச் சாப்பாட்டோடு சில வாரம் விரதம் இருந்தீர்கள். அப்பாவுக்கு உங்களைப் பார்க்கும்போதெல்லாம் முகம் மலர்ந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம், நம் ஃப்ளாட்டுக்குக் கீழே, மோட்டார் நிறுத்தும் இடத்தில் உங்களை மூச்சில்லாமல் கண்டெடுத்தார்கள். மறுபடியும் சரக்கு எடுத்திருந்தீர்கள்.

அன்று யாரையாவது கூப்பிட நினைத்தீர்களா, அண்ணே? என் கைப்பேசி என் பக்கத்தில்தான் இருந்தது.

விடுமுறை நாளுக்கு வீட்டுக்குக் கொண்டுவரும் மருந்தை வைக்க உங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்திருந்தார்களே, அதைத் திருப்பிக் கொடுக்க நான் கிளினிக்குக்குப் போனேன். மிஸ் என்னை உள்ளே உட்கார வைத்தார். உங்கள் கார் பார்க் கதையில் இல்லாத மீதியை அவர்தான் சொன்னார்.

"மருந்த திடீர்னு நிறுத்துனா ஆச திரும்பி வர்றது மட்டும் இல்லம்மா. சரக்கத் தாங்கற சக்தியும் போயிரும். முன்ன தாங்குன அளவ இப்ப எடுத்தா மூச்சு விடச் சொல்ற வேலைய மூளை விட்டுரும். சில நாள் வராம இருந்துட்டு வந்தா நாங்களே பழைய அளவ குடுக்க மாட்டோம், கொறச்சுதான் ஆரம்பிப்போம்."

"அப்ப நிறுத்தவே முடியாதா மிஸ்?"

"முடியும். டாக்டர் பாத்து, ரொம்ப மெதுவா, மாசக் கணக்குல கொறைக்கணும். சில பேரு பிரஷர் மாத்திரை மாதிரி வருசக் கணக்கா குடிப்பாங்க, அதுலயும் தப்பில்ல. நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரை ஒத்துக்கிறவங்களும் இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு."

இதை உங்கள் கார் பார்க்குக்குள் எப்படி நுழைப்பது என்று பல நாள் துண்டு மடித்துக்கொண்டே யோசித்தேன். வரவில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் வரும் என்று நினைக்கவில்லை.

வந்தது. இந்த வருடம் விரதம் தொடங்கும் சமயம் சேகர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவர் இன்னும் அதே டயர் கடையில்தான் இருக்கிறார், இன்னும் அதே கவுண்டரில் மருந்து குடிக்கிறார். அப்பா முன்னால் உட்கார்ந்து, "அங்கிள், கணேசு விட்ட காவடிய நான் எடுக்கறேன்" என்றார்.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நிறைவேறாத நேர்த்தி வீட்டுக்கு ஆகாது என்று உறவுக்காரர்கள் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது அப்பாவை அரித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு விரதம் ஆரம்பிக்கறேன் அங்கிள். மருந்தையும் இன்னையோட நிறுத்திடறேன்."

அப்பா பிடித்த கையை விட்டுவிட்டுச் சாமி படத்தைப் பார்த்தார். நான் மைலோ டம்ளர்கள் வைத்த தட்டோடு நின்றேன்.

"வேணாம்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன வனி வேணாம், மைலோவா?" என்றார் சேகர் அண்ணன்.

தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். சொல்ல வேண்டியது எல்லாம் தெரியும், வாய்தான் வரவில்லை. கூடத்திலிருந்து அப்பா குரல் கேட்டது. "காலையில கோயில்ல சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம். நீயும் வா வனி."

குருக்கள் அபிஷேகம் முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அப்பா சுற்றி வளைத்தார். ஒரு பையன், ஒரு மருந்து, தினமும் குடிக்கிறது, விரதத்தில் கூடுமா என்றார்.

"மருந்துக்கென்னப்பா? நானே வயித்துல இன்சுலின் ஊசி போட்டுட்டுத்தான் உள்ள போறேன். போடலன்னா முருகன் மேலயே விழுந்து வெப்பேன்."

"அது நோய், சாமி. இது அவனுங்களா தேடிக்கிட்டது."

சேகர் அண்ணன் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னுதும் லட்டு தின்னு தேடிக்கிட்டதுதான்" என்றார் குருக்கள்.

"இது போதைக்குக் குடுக்கற மருந்து சாமி. இதுவும் போதைதானே?"

"அது எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சவங்களக் கேளு." அவர் உள்ளே போகத் திரும்பிவிட்டார்.

அவர் போய்விட்டால் சேகர் அண்ணன் நிறுத்திவிடுவார். அது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

"போத இல்லப்பா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அண்ணன் இந்த மருந்து குடிச்ச வரைக்கும் வேலைக்குப் போச்சு. சாப்பிட்டுச்சு. உங்களோட ரிமோட்டுக்குச் சண்ட போட்டுச்சு. போதையில இருந்தப்ப நம்ம மூஞ்சியவாச்சும் பாத்துச்சா? மருந்து அத தூக்கல, கீழ விழாம புடிச்சிருந்துச்சு. நிறுத்துன பெறகு ஒடம்பு பழசத் தாங்கல. மருந்தால சாகலப்பா. நிறுத்துனதாலதான் செத்துச்சு. இந்த அண்ணனும் சாவும்."

உங்களைப் பற்றி அந்தச் சொல்லை நம் வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. காலமாகிவிட்டான், போய்விட்டான் என்றுதான் சொல்வோம். குருக்கள் அப்படியே நின்றார். அப்பா வெளியே போய்ச் செருப்பு விடும் படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. நான் அவரைக் குறை சொன்னதாக நினைத்திருப்பாரோ? அவருக்கும் இதை யாரும் சொல்லவில்லைதானே, அண்ணே? சொல்லியிருந்தால் அவர்தான் உங்களைத் தினமும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

வெயில் அந்தப் படி வரைக்கும் வந்த பிறகு எழுந்தார். கண் சிவந்திருந்தது.

"அந்த கிளினிக்கு எத்தன மணிக்கித் திறக்கும்?"

"இப்பத் திறந்திருக்கும் அங்கிள்."

"ஏறு" என்றார், உங்கள் மோட்டாரைக் காட்டி.

அங்கே நடந்ததைச் சேகர் அண்ணன் பிறகு சொன்னார். நீங்கள் எவ்வளவு கூப்பிட்டும் வராத அந்தக் கவுண்டருக்கு முன்னால் நின்று அப்பா மிஸ்ஸையும் டாக்டரையும் துளைத்து எடுத்தாராம். ஒருவேளைச் சாப்பாடு போதுமா, மலை ஏறலாமா, வெயிலில் மயக்கம் வருமா என்று. மருந்தின் அளவை மாற்ற வேண்டாம், ஒரு நாளும் விட வேண்டாம், தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், மதுவும் தூக்க மாத்திரையும் பக்கத்திலேயே வரக் கூடாது என்றாராம் டாக்டர். கடைசியில் அப்பா, "என் பையன் கணேசன் இங்க என்ன பேசுவான்?" என்று கேட்டாராம். மிஸ் யோசித்துவிட்டு, "எங்கப்பாகிட்ட இருந்து டிவி ரிமோட்ட வாங்க ஒரு மருந்து குடுங்க மிஸ்னு சொல்வாரு" என்றாராம். அப்பா அங்கேயே சிரித்தாராம். சிரிப்பு நிற்க நேரமானதாம்.

சேகர் அண்ணன் அன்று முதல் தினமும் மருந்தும் குடிக்கிறார், விரதமும் இருக்கிறார். உறவுக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "சாமிக்கு ஆகாது" என்று அத்தை போன் செய்தார். அப்பா, "ஆகும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் தைப்பூசம். அன்று கிளினிக் விடுமுறை, அதனால் அன்றைய மருந்தை முந்தின நாளே பூட்டுப் பெட்டியில் தருவார்கள். சேகர் அண்ணன் நம் வீட்டில்தான் தங்குகிறார். காலையில் குளித்து, மருந்தைக் குடித்துவிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். கவுண்டரில் மிஸ் செய்வதை அன்று வீட்டில் யார் செய்வது என்று பேச்சு வந்தது. சாவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றார் அப்பா. "மத்தத வனி செய்யட்டும்."

நான் சரி என்றேன். சேகர் அண்ணன் குடித்து முடிக்கும் வரை முன்னாலேயே நிற்பேன், அண்ணே. குடித்ததும், "பேசுங்க" என்று சத்தமாகச் சொல்வேன். அவர் என்ன பேசினார் என்பதைச் சாயங்காலம் உங்களிடம் வந்து சொல்கிறேன். இனிமேல் அந்த வேலை என்னுடையது.

பேசத் தொடங்கியிருக்கும்
உங்கள் தங்கச்சி வனி