இருபத்து மூன்றில் நின்ற கவுண்டர்

இன்று காலை மேசை டிராயரை இழுத்ததும் உன் கவுண்டர் உருண்டு முன்னால் வந்தது. கட்டைவிரலால் அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகக் கூடுமே, அந்த இரும்புக் கவுண்டர். இன்னும் இருபத்து மூன்றில்தான் நிற்கிறது. நான்கு வருடமாக அதை நான் அழுத்தவும் இல்லை, பக்கத்துத் திருகைத் திருப்பிப் பூஜ்யமாக்கவும் இல்லை. இன்றைக்கு அது எனக்கு வேண்டும். சொல்லிவிடுகிறேனே, பயமாக இருக்கிறது.

நாம் சேர்ந்து படிக்கும்போதே நான் பயந்தாங்கொள்ளிதான். வாய்மொழித் தேர்வில், மனித செல் ஒன்று டிஎன்ஏவை நகலெடுத்து முடித்த பிறகு அதில் எத்தனை குரோமோசோம் இருக்கும் என்று கேட்டார்கள். டிஎன்ஏ இரண்டு மடங்காகிவிட்டதே, அப்படியானால் இதுவும் இரண்டு மடங்குதான் என்று தொண்ணூற்றிரண்டு என்றேன். வெளியே வந்ததும் நீ என் தலையில் குட்டினாய்.

"நாப்பத்தாறுதாம்ளா! ஒவ்வொண்ணும் தன் நகலோட ஒட்டிக்கிட்டு நிக்கும். பிரியுத வரைக்கும் அதை ஒண்ணுன்னுதான் எண்ணணும்."

உன் அண்ணன் துறைமுக வாசலில் லாரிகளுக்குப் பாஸ் பார்ப்பவர். அதை வைத்தே மீதியையும் புரியவைத்தாய். "செல் முதல்ல வளரும். பொறவு டிஎன்ஏவை நகலெடுக்கும். நகல் சரியான்னு பாத்துட்டுத்தான் ரெண்டாப் பிரிய விடும். இடையில எல்லாத்துக்கும் கேட் உண்டு. கேட்ல ஆளு தூங்கிட்டா அவ்வளவுதான், புத்துநோய்."

பிறகு இருவருக்கும், சதைத் துண்டில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் இந்த ஆய்வகத்திலேயே வேலை கிடைத்தது. நீ புன்னைக்காயலிலிருந்து பஸ் பிடித்து, மீன் குழம்பு டப்பாவோடு வருவாய். ஸ்லைடில் சாயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் நம் வேலை. பிரியும் செல்களை எண்ணுவதும் முடிவு எழுதுவதும் டாக்டரம்மாவின் வேலை. ஆனாலும் அவர் வரும்வரை நாம் சும்மா இருந்தோமா? நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வேன், நீ அழுத்துவாய். லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரிவது ஒரு வட்டம்; பத்து வட்டம் பார்த்தால் ஓர் ஆட்டம் முடிந்தது. குரோமோசோம்கள் கருநீலமாக நடுவில் வரிசை கட்டி நிற்கும் செல் ஒன்று, அவை இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிரியும் செல் இன்னொன்று.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒரு ஸ்லைடை நீட்டினாய். வழக்கம்போல எண் மட்டும், பெயர் இல்லை. நான் உற்சாகமாகத்தான் எண்ணினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ஏளா, இங்கன ஒரே திருவிழாக் கூட்டம்! கேட்ல ஆளே இல்ல போல" என்று சிரித்தேன். உன் கட்டைவிரல் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. பத்தாவது வட்டம் முடிந்ததும் "இருவத்து மூணு" என்றாய். கவுண்டரை மேசையில் வைத்துவிட்டு, "அது என் சதையில எடுத்த ஸ்லைடுளா" என்றாய்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அழுதேன்.

"சொன்னா ஒனக்குக் கை நடுங்கும். தப்பா எண்ணிருவ."

அதற்குப் பிறகு நீ ஒன்றரை வருடம்தான் இருந்தாய்.

போன வாரம் குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. ஊசியால் சதை எடுத்தார்கள். மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றியது எல்லாம் நானேதான். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. பதினோரு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்ன டாக்டரம்மா, "அதுவரை நீ அதைத் தொடாதே" என்றார். மகளுக்கு இப்போதுதான் பதினோரு வயது. காலையில் அவளுக்குச் சடை பின்னும்போது வகிடு கோணலாகப் போய்விட்டது. மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினேன்.

மணி பத்தரை. திருகைத் திருப்பிவிட்டேன். உன் இருபத்து மூன்று போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே.

இதை எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு முதல் வட்டத்தைப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்று, கருநீலமாக, வரிசை கட்டி நிற்கிறது. கெடுதல் இல்லாத கட்டியிலும் ஒன்றிரண்டு இருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கை நடுங்குகிறது, நீ சொன்னபடியே. ஆனால் தப்பாக எண்ண மாட்டேன்.

அழுத்திவிட்டேன். இன்னும் ஒன்பது வட்டம் இருக்கிறது. ஏளா, முடியும் வரைக்கும் பக்கத்திலேயே இரு.