யோசித்து வைக்கிறேன்

ஒசாகா
ஆகஸ்ட் 9, 2019

அன்புள்ள தமாயேவுக்கு,

முப்பத்து மூன்று வருடமாக நாம் கோடைதோறும் ஆளுக்கொரு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். "கடும் வெயிலில் நலந்தானா?" என்று அச்சடித்த ஒரு வரி, கீழே கையெழுத்து, தீர்ந்தது. இந்த வருடம் அட்டைகளை வாங்கி வைத்துவிட்டு மறந்தே போனேன். நேற்றோடு இலையுதிர்காலம் பிறந்துவிட்டதாம், நாள்காட்டி சொல்கிறது. முப்பத்தெட்டு டிகிரியில் என்ன இலையுதிர்காலமோ! ஆனால் இனிமேல் "கடும் வெயில்" என்று எழுதக்கூடாது, "மிச்ச வெயில்" என்றுதான் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அதனால் அட்டை போய் இந்தக் கடிதம் வருகிறது. பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை.

கோடை விடுமுறை. வீட்டிலேயே கிடக்கிறேன். ஒபோனுக்கு முன்னோரைக் கும்பிட எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பியாயிற்று. தெருவில் கடைக்குக் கடை "பதினேழு வரை விடுமுறை" என்று தாள் ஒட்டியிருக்கிறது. முந்தாநாள் ஏசி உயிரை விட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "இருபதாம் தேதிக்கு மேலதாம்மா வர முடியும், அதுவரைக்கும் உயிரோட இருங்க" என்கிறான். ஒசாகாக்காரன் வாய்! பரணிலிருந்து மின்விசிறியை இறக்கினேன். அது சுற்ற ஆரம்பித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

அரிசிக்கடை மாடியில் நம் அறை, 1986. அம்மா கல்யாணப் பேச்சை எடுப்பாள் என்று அவள் வீட்டுப் பக்கமே நான் தலைகாட்டவில்லை. உன் அப்பா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டதால் உனக்குச் சொந்த ஊரான அகிதாவுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஊரே காலியாகி, நாம் இருவர் மட்டும் ஒன்பது நாள் வீட்டில். மின்விசிறி உன் பக்கம்தான் அதிக நேரம் நிற்கிறது என்று நான் சண்டை போட, நீ கடிகாரத்தை வைத்து எண்ணிக் காட்டினாய். பாய் சுடுகிறது என்று சமையலறைப் பலகைத் தரையில் படுத்துக் கிடந்தோம். மாணவிகளின் வீடுகளிலிருந்து எனக்கு வந்த சோமென் சேமியா ஏழு பெட்டி! மூன்று வேளையும் ஐஸ் தண்ணீரில் போட்ட அதே சோமென். ஆறாம் நாள் நீ, "இன்னொரு தடவை இதை என் கண்ணுல காட்டினா ஜன்னல் வழியா எறிஞ்சிடுவேன், உன்னையும் சேர்த்து" என்றாய்.

பிற்பகலில் குளிர்காற்று வாங்கப் பெரிய கடைக்குப் போய், வாங்குகிறவர்கள் போல ஒவ்வொரு சோபாவாக உட்கார்ந்து பார்ப்போம். கடைப் பெண் நம்பிக்கொண்டு, "வீடு எவ்வளவு பெரிசுங்க?" என்று கேட்க, நீ கொஞ்சமும் கூசாமல், "இந்த சோபாவே எங்களுக்கு வீடு மாதிரிதான்" என்றாய். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்படி ஒரு கோடை எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

கடைசி நாள் சமையலறைத் தொட்டியில் உன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன், "கொஞ்சம் பெரிய வீடா பார்த்து ரெண்டு பேரும் இப்படியே இருந்துடலாமா? கல்யாணம் யாருக்கு வேணும்?" என்று. சோப்பு நுரைக்குள்ளிருந்து நீ, "யோசிச்சு வைக்கிறேன்" என்றாய். சரி, அது போகட்டும். இன்றைக்கு உன்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. மறுத்தாலும் மனம் நோகாமல்தான் மறுத்தாய்.

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருடம் ஆகிறது. வருகிற மார்ச்சில் எனக்குப் பணி ஓய்வு. மகன் தெருஹிசா, "நாகோயாவுக்கு வந்து எங்ககூடவே இருந்துடுங்கம்மா" என்கிறான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல பையன்தான். எனக்குத்தான் மனசு ஓடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால் நாலு வரி எழுது.

என்றும் உன்
மினேகோ

*

நொஷிரோ, அகிதா
ஆகஸ்ட் 13, 2019

மதிப்புக்குரிய மினேகோ அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கணவர் மறைந்த செய்தி எனக்குத் தெரியாது. அட்டையில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். என் ஆழ்ந்த வருத்தங்கள்.

நான் நலம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பதினோரு பேர் உட்காரும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வடக்கு என்றால் பனிக்கட்டி என்று ஒசாகாவில் நினைப்பீர்கள். இங்கேயும் முப்பத்து நான்கு டிகிரி.

தங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒரு விஷயம் விளங்கவில்லை. நான் எப்போது மறுத்தேன்?

யோசித்து வைக்கிறேன் என்றேன். யோசிக்கத்தான் செய்தேன். எனக்கு எதையும் மெதுவாகத்தான் யோசிக்க வரும், தங்களுக்கே தெரியும். நான்கு நாள் யோசித்தேன். நூல் கம்பெனியில் பொட்டலம் கட்டும்போதும் அதே யோசனைதான். பிறகு வேலை முடிந்து வீடு தேடி அலைந்தேன். ஆற்றங்கரையில் ஒன்று கிடைத்தது, இரண்டு ஜன்னல், இரண்டு பக்கமும் காற்று. "ரெண்டு பொண்ணுங்க மட்டுமா? நாளைக்கே ஒருத்தி கல்யாணம்னு கிளம்பிடுவா, அப்புறம் வாடகை?" என்று வீட்டுக்காரர் தயங்கினார். "நாங்க அப்படி இல்லைங்க" என்று மூன்று சாயங்காலம் போய் நின்று பேசி சம்மதிக்க வைத்தேன்.

அதைச் சொல்லத்தான் சனிக்கிழமை ஓடி வந்தேன். அறையில் தங்கள் அம்மா உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கேக்கும் மாப்பிள்ளை போட்டோவும். "வா வா, மினேகோவுக்கு வாழ்த்துச் சொல்லு" என்றார். சொன்னேன். அந்த வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு, ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அந்த ஆற்றங்கரைப் பக்கமே நான் போகவில்லை.

கேட்டது தாங்கள். பதிலுக்குப் பத்து நாள்கூடக் காத்திருக்காதது ஏன் என்று இத்தனை வருடமும் நினைத்திருக்கிறேன். விளையாட்டுக்குக் கேட்டிருப்பீர்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

இப்படிக்கு,
தமாயே

*

ஒசாகா
ஆகஸ்ட் 16, 2019

அடி தமாயே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐயோ, நான் எப்படிச் சொல்வேன்! எங்கள் ஊரில் "யோசிச்சு வைக்கிறேன்" என்றால் யாரும் யோசிக்க மாட்டார்களடி. வாசலில் சாமான் விற்க வருபவனிடம் அதைச் சொன்னால், மறு பேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். இங்கே முடியாது என்பதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, இப்படித்தான் சொல்வார்கள். குழந்தைக்கும் தெரியும். நீ மூன்று வருடம் எங்களோடு இருந்தவள், எங்களைப் போலவே பேசினாய், எங்களைப் போலவே வாயடித்தாய். உனக்கும் தெரியும் என்றே நினைத்துவிட்டேன். நீ அகிதாக்காரி என்பதே அந்த நேரம் எனக்கு ஞாபகம் இல்லை.

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி முடித்துவிட்டு, டவலை உன் கையில் கொடுத்துவிட்டு, தெருமுனை போன் பூத்துக்குப் போய் அம்மாவிடம் கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். உன் தலைமுடி காயும் முன்னால்! அவ்வளவு ரோஷம் எனக்கு. அப்புறம் எட்டு நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, உனக்கு என்மேல் இவ்வளவுதான் பிரியமா என்று. பெட்டியோடு நீ படியிறங்கியபோது குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

அவர் நல்ல மனுஷர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளையாட்டுக்கு நான் கேட்கவில்லை, தமாயே. வாழ்க்கையில் வேறு யாரிடமும் அப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை.

இப்போது மறுபடியும் கேட்கிறேன். இங்கே வந்துவிடு. வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. நீ வருவதாக இருந்தால் நாகோயாவுக்கு வரவில்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுவேன். கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுக் கிளம்பு. பதிலை உன் ஊர் வழக்கப்படியே எழுது. "தாங்கள்" என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதே, நெஞ்சில் குத்துகிறது.

உன்
மினேகோ

*

நொஷிரோ
ஆகஸ்ட் 20, 2019

மினேகோ,

சரி, "தாங்கள்" வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்று கடையைப் பகலிலேயே மூடினேன். "அக்கா, உடம்புக்கு என்ன?" என்று மீன்பிடிக்கிறவர்கள் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தைக்காகவா முப்பத்து மூன்று வருடம் என்று முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

என் பதில்: வரமாட்டேன்.

யோசித்துத்தான் சொல்கிறேன். கடை என் கையால் உண்டானது. காலை ஐந்து மணிக்குப் படகு வந்ததும் சூப் கேட்டு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதை யாரிடம் ஒப்படைப்பேன்? ஏன் ஒப்படைக்க வேண்டும்? நீ எழுதியிருப்பதைப் படிக்கும்போது, நான் இத்தனை வருடமும் பெட்டியோடு படியிலேயே நின்றுகொண்டிருந்தேன் என்று நீ நினைக்கிறாய் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்த ஒன்பது நாளும் பலகைத் தரையில் படுத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கடலைப் பற்றி உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அந்தப் பனிக்காட்டுக்கு யாருடி போவா?" என்றாய். அன்றைக்கும் உன் ஊர், உன் வீடு, உன் வெயில். இன்றைக்கும் அதேதான். இரண்டு தடவையும் உன் ஊரில்தான் என்னை இருக்கச் சொன்னாய். நான் அங்கே வரட்டுமா என்று ஒரு தடவையாவது உனக்குக் கேட்கத் தோன்றியதா?

அந்தக் கோடை எனக்கும் மிக நல்ல கோடைதான். அதில் சந்தேகமே வேண்டாம்.

தமாயே

*

ஒசாகா
ஆகஸ்ட் 23, 2019

தமாயே,

கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே துணி துவைத்தேன். திட்டி முடித்தபோது திட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. நீ சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குத் தோன்றவே இல்லை.

தெருஹிசாவிடம் நாகோயாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னை வைத்துச் சொல்லவில்லை. எனக்கு அங்கே இருக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். "சரிம்மா" என்றான். அவனுக்கும் கொஞ்சம் நிம்மதிதான் போலிருக்கிறது, கள்ளப் பயல்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றேன். அதை வாங்கிவிட்டு உனக்கு எழுதினால் அது கேட்பது ஆகாது என்று பாதியில் விலகி வந்துவிட்டேன். பள்ளி திறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

நான் அங்கே வரட்டுமா?

மினேகோ

*

நொஷிரோ
ஆகஸ்ட் 26, 2019

மினேகோ,

வா.

வீட்டில் ஒரு தலையணைதான் இருந்தது. இன்று காலை போய் இன்னொன்று வாங்கி வந்தேன்.

தமாயே