உன் அப்பா விற்கப் பார்த்த சைக்கிள்

அன்புள்ள கண்ணுவுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், தையல் மெஷின் நலம், உன் அப்பாவும் இடது முழங்கை, இடது முட்டி இரண்டும் நீங்கலாக முழு நலம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். முழங்கைக்கு என்ன ஆச்சு என்று உடனே போன் போட்டு அவரைக் கேட்காதே. "ஒண்ணுமில்லம்மா, கதவுல லேசா இடிச்சுக்கிட்டேன்" என்பார். நடந்ததை நடந்தபடி சொல்ல இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பிளேன் ஏறிப் போன பிறகு அப்பாவை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு உன் அப்பா, டிரைவிங் ஸ்கூலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிரேக் மிதிக்கிறேன் டாக்டர் என்றார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிறாரே அந்த இரண்டாவது பிரேக்கைத்தான் சொல்கிறார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது ஒரு கால்தானே" என்றார். நான் சிரித்துவிட்டேன். உன் அப்பா சிரிக்கவில்லை. அவருடன் வேலை பார்த்த லாரி வாத்தியாருக்குப் போன வருஷம் சர்க்கரையால் கால்விரலை எடுத்தார்களே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். வீடு வரும் வழியில் எதிரே வந்தவன் தப்பாகத் திரும்பியபோதுகூடத் திட்டவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "நான் ஒரு ரோடு பைக் வாங்கப்போறேன்" என்றார். நான் மோட்டார் பைக் என்று நினைத்துக்கொண்டு, இந்த வயசில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு யாரை ஏற்றிக்கொண்டு சுற்றப் போகிறீர்கள் என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு போனில் படத்தைக் காட்டினார். சைக்கிள். சைக்கிள் என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்றேன். சைக்கிள் வேறயாம் ரோடு பைக் வேறயாம். வேறதான், ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சைக்கிளில் என்னவெல்லாம் இருக்குமோ அதெல்லாம் இதில் கிடையாது. ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, மணிகூடக் கிடையாது. கடையில் பார்த்தால் பெடலே இல்லை, அது தனியாக வாங்கணுமாம். சக்கரமாவது சேர்த்திதானா என்று கேட்டேன், கடைக்காரப் பெண் ரொம்பப் பொறுமையாக, "சேர்த்திதான் ஆன்ட்டி" என்றாள். அவள் உன் அப்பாவின் கால் உயரத்தை அளந்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒரு எண்ணைச் சொன்னாள், நானும் என் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்து பார்த்து, சரியாத்தான் சொல்ற, எல்லா பேன்ட்டையும் நான்தானே வெட்டிச் சின்னதாக்குகிறேன் என்றேன். அந்தக் காலுக்குப் பொருந்துகிற அளவில் கடையில் ஒரே ஒரு சைக்கிள்தான் இருந்தது. ரோஜா நிறம். உன் அப்பா அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, "தூரத்துல இருந்தே தெரியும், பாதுகாப்பு" என்றார்.

இனிமேல் சொல்லப்போவதற்கு என்னை யாரும் குறை சொல்ல முடியாது. சைக்கிள் ஓட்டுவதற்கென்று ஒரு கால்சட்டை வாங்கினார், உடம்போடு ஒட்டுகிற துணி. எனக்குத்தான் புதுத்துணி கையில் வந்தால் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாதே, உள்பக்கம் திருப்பினால் உட்காரும் இடத்தில் ஒரு கனத்த பஞ்சு அட்டை. இவ்வளவு வாங்கிக்கொண்டு உள்ளே வெட்டுத்துணியை விட்டுவைத்திருக்கிறார்களே என்று தையலைப் பிரித்து அழகாக எடுத்துவிட்டு, ஓரம் அடித்து மடித்து வைத்தேன். மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு போனவர், போன வேகத்தில் இல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். சீட்டு இருக்கிறதே, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அகலம்கூட இல்லை. அந்த வாரம் முழுக்க டிரைவிங் ஸ்கூல் காரில் என் தலையணையைப் போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். கடைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்து வலிக்கிறது என்றால் அவள், பேடு வைத்த கால்சட்டை போட்டீங்களா அங்கிள் என்று கேட்டிருக்கிறாள். உன் அப்பா போனைக் காதில் வைத்தபடியே மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் திரும்ப வைத்துத் தைத்துவிட்டேன், முன்னைவிட இரண்டு அடுக்கு கூடவே வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து மாதிரி இருக்கிறது, ஆனால் வலி இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து ஷூ. அடியில் ஒரு கொக்கி, பெடலில் மாட்டினால் கால் பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். நிற்கிறதுக்கு முன்னாடியே திருப்பிடுங்க அங்கிள் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினாள். முதல் சிவப்பு விளக்கில் உன் அப்பா வழக்கம்போல எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார், பின்னால் பார்த்தார், கை காட்டினார், கோட்டுக்கு முன்னால் நின்றார். காலைத்தான் கழற்றவில்லை. நின்றபடியே, ஒரு அவசரமும் இல்லாமல், சாய்த்து வைத்த ஏணி மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாராம். இதை எனக்குச் சொன்னது பின்னால் காரில் வந்த மளிகைக்கடைக்காரரின் மனைவி, லைசென்ஸ் வாங்கிய பிறகும் உன் அப்பாவிடம் மூன்றாவது தடவையாகக் கார் கற்றுக்கொள்கிறாளே, அவள்தான். பதறிப்போய் இறங்கி ஓடி வந்திருக்கிறாள். நடுரோட்டில், சைக்கிளோடு பூட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஹேண்ட்பிரேக் போட்டியா?" போடவில்லை. கார் மெதுவாக அவரைப் பார்த்து உருண்டு வந்துகொண்டிருந்தது. அவள் திரும்ப ஓடிப்போய்ப் போட்டாள், நல்லவேளை.

சிரிப்புச் சிரிப்பாக எழுதுகிறேனே தவிர அன்றைக்கு நான் மெஷின் பக்கமே போகவில்லை கண்ணு. காயம் பெரிதில்லை. ஆனால் ஊர் முழுக்கக் கற்றுக்கொடுத்தவர் ஊர் பார்க்க விழுந்துவிட்டார் என்பது அவருக்குள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. சைக்கிள் தையல் அறைச் சுவரோரம் நின்றது, நான் அதில் பள்ளிச் சீருடைகளைத் தொங்கவிட ஆரம்பித்தேன். சாயங்காலம் வந்தால் நாற்காலி, டிவி. ஒருநாள், "வித்துடலாம், இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்றார். விழுந்து சாவதைவிட உட்கார்ந்திருக்கட்டும் என்று ஒரு மனம், உட்கார்ந்திருந்தால் விரல் போகும் என்று ஒரு மனம், நான் எதைச் சொல்வது? சரி என்றேன். வாங்குகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கடைக்காரப் பெண்ணிடம் கொடுத்து அந்தப் பூட்டுப் பெடலைக் கழற்றிச் சாதாரணப் பெடல் மாட்டிக்கொண்டு வந்தார்.

வீடு மாற்றும் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் தன் மனைவிக்காகப் பார்க்க வந்தார். நல்ல மனுஷர், மீசையைப் பார்த்து முதலில் பயந்தேன். ஓடுமா என்று அவர் கேட்டது உன் அப்பாவுக்கு ரோஷமாகிவிட்டது. "ஒரு சுத்து ஓட்டிக் காட்டுறேன், இருங்க" என்று வீட்டில் போடும் அரைக்கால் சட்டையோடு, ரப்பர் செருப்போடு, ஹெல்மெட்டை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேன்காரருக்குக் காபி கொடுத்தேன். குடித்தார். இன்னொரு காபி கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டு, சுவரில் இருந்த உன் பட்டமளிப்புப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க தெரு ரொம்பப் பெரிசோ" என்று கேட்டார்.

நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது. எங்கே விழுந்து கிடக்கிறீர்கள் என்றுதான் கேட்டேன். விழவில்லையாம். விமான நிலையத்துக்குப் பின்னால் கம்பிவேலி ஓரம் நிற்கிறாராம். அவ்வளவு தூரம் எதற்குப் போனீர்கள் என்றேன். "தெரு முனையிலதான் திரும்பணும்னு நினைச்சேன். சிக்னல் பச்சையா இருந்துச்சு. அடுத்ததும் பச்சையா இருந்துச்சு" என்றார். மூச்சு வாங்கியது, ஆனால் அந்தக் குரலை நான் கேட்டு நாளாகிவிட்டது. பிறகு, "பாப்பா போன பிளேன் மேல ஏறினதும் எந்தப் பக்கம் திரும்புச்சு?" என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். "ஆமா, நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார். கால் ஓய்ந்துவிட்டதாம், திரும்பி ஓட்ட முடியாது, வந்து கூட்டிக்கொண்டு போ என்றார்.

யாரோடு போவது? வேன்காரரோடுதான் போனேன். வேலியோரம் உன் அப்பா புல்லில் காலை நீட்டிக்கொண்டு, சைக்கிளைப் பக்கத்தில் படுக்கவைத்து, போகிற வருகிற விமானத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரர் சைக்கிளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி உள்ளே வைத்து, யார் வீட்டுப் பீரோவையோ கட்டுகிற பெல்ட்டால் கட்டினார். "சார், இதை நான் வாங்கினா என் பொண்டாட்டியே என்னைச் சேர்த்துக்க மாட்டா" என்றார். இரண்டு பேருக்கும் வேறு சைக்கிள் வாங்கிக்கொண்டாராம், புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அப்பாவோடு போகிறார்கள்.

அடுத்த பரிசோதனை வரப்போகிறது, என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாடி ஏறும்போது பாதியில் நின்று, கரண்ட் மீட்டரைப் படிக்கிற மாதிரி பாசாங்கு செய்வாரே, அது இப்போது இல்லை. நேராக ஏறிவிடுகிறார்.

நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பட்டன் அறுந்தால் பின் குத்தாதே, நான் கொடுத்தனுப்பிய டப்பாவில் ஊசி இருக்கிறது. அப்பா தானாகச் சைக்கிள் கதையை ஆரம்பித்தால் ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுக்கொள், விழுந்ததை விட்டுவிட்டுச் சொல்வார், விட்டுவிடு. நோய்நொடி இல்லாமல், நல்ல மனுஷர்கள் பக்கத்தில் இருக்க, நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். விடுமுறைக்கு வரும்போது ஜன்னலோர சீட்டாக வாங்கச் சொல்லி எழுது என்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்கென்னவோ அன்றைக்கு உன்னை விமான நிலைய வாசலில் வரவேற்க நான் மட்டும்தான் வாடகைக் காரில் வருவேன், அவர் அந்தக் கம்பிவேலி ஓரம்தான் நிற்பார் என்று தோன்றுகிறது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
(அப்பாவும் பக்கத்தில்தான் இருக்கிறார், டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறார்)