ரமணி நாடகத்தை விடமாட்டாள்

சுங்கை வே,
15 ஜூலை 1988, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கன்னையாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கச்சி ரமணி மூவரும் மாரியம்மன் துணையில் சுகமாக இருக்கிறோம், அங்கே சீமையில் நீயும் சுகம்தான், உன் நெஞ்சுச் சளி மட்டும் சுகமில்லாமல் எங்காவது ஓடிப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். டூட்டி முடிந்து வந்ததும் பசியாறாமல் படுக்காதே, வெறும் ரொட்டியைக் கடித்து வயிற்றை ஏமாற்றாதே. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான், ஆனாலும் ரயில்வேயிலிருந்து ரிட்டையர் ஆன மனிதர் வீட்டில் இருக்கிறாரா என்றால் இல்லை, நினைத்தால் பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பழைய கூட்டாளிகளோடு கோப்பி குடித்துவிட்டு, வந்து என்னிடம் முட்டியைக் காட்டுகிறார். தைலம் தேய்ப்பது என் வேலை. இதையெல்லாம் எழுதத்தான் பேனாவை எடுத்தேன் என்று நினைக்காதே. உன் போன கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும், கோபம் ஆறட்டும் என்று சில நாள் பொறுத்துப் பார்த்தேன், முழுக்க ஆறவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தால் இந்த வீட்டில் என்ன வழக்கம் என்று உனக்கு மறந்துபோய்விட்டது போலிருக்கிறது. பிரித்து உரக்கப் படிப்பவள் ரமணி, நான் அடுப்படியில் கைவேலையாக இருந்தபடி கேட்பேன், அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார். அன்றும் அப்படித்தான், நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், பேக்டரியிலிருந்து வந்தவள் யூனிபார்ம்கூட மாற்றாமல் உட்கார்ந்து ஆசையாகப் பிரித்தாள். முதல் பக்கம் உன் குளிர், ஆஸ்பத்திரியில் உன் புது வார்டு, கிழவர் ஒருவர் உன்னைத் தன் மகன் என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுவது, எல்லாம் சிரித்துச் சிரித்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் வந்தது. ரமணி டிவியில் ராட்சசி வேஷம் போட்டு ஆடுவதால் நம் குடும்பம் கிள்ளான் வரைக்கும் சந்தி சிரிக்கிறது என்று புஷ்பவல்லி அத்தை எழுதியிருக்கிறார், அவள் அந்த நாடகத்தை விடுகிற வரைக்கும் அவளுக்கு ஒரு வரி எழுதமாட்டேன், நீங்கள் இருவரும் அவளுக்கு ரொம்ப இடம் கொடுத்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தாயே, அது. நான் ஈரக்கையோடு வந்து பிடுங்கப் பார்த்தேன், அவள் எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு கடைசி எழுத்துவரை படித்தாள். வசனம் படிப்பது மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தாள், இப்படிக்கு அன்பு மகன் என்பதையும் விடவில்லை. மடித்து உறைக்குள் போட்டு சாமி படத்துக்குப் பின்னால், உன் கடிதங்கள் எப்போதும் இருக்கிற இடத்தில் செருகினாள். பிறகு குளிக்கப் போனவள் வெகுநேரம் குழாயை மூடவில்லை.

அத்தை எழுதியதை நீ படித்தாய், நடந்ததை நான் எழுதுகிறேன். இங்கே யாரும் அந்தத் தொடரின் பெயரைச் சொல்வதில்லை, வியாழக்கிழமை நாடகம் என்றால் போதும். பேக்டரியில் தீபாவளி விழாவுக்கு ரமணி நடித்ததை யாரோ பார்த்துச் சொல்லிக் கூப்பிட்டார்கள், சனிக்கிழமை அங்காசாபுரி டிவி நிலையத்தில் படம் பிடிக்கிறார்கள், அப்பா கூடவே போய் கேண்டீனில் உட்கார்ந்து கூட்டி வருகிறார். நல்ல மருமகள் வேஷம் என்று நினைத்துப் போனாள், டைரக்டர் இவள் பார்வையைப் பார்த்துக் கெட்ட மருமகளாக்கிவிட்டார், அந்தப் பார்வை யாரிடமிருந்து வந்தது என்று உன் அப்பா சொல்வார், நீ நம்பாதே. மாலினி என்று பேர். மாமியாரைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. நீ வாங்கிக் கொடுத்த கலர் டிவியில்தான் இந்த வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து பார்க்கிறார்கள், நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நம் கோப்பியைக் குடித்துக்கொண்டு நம் பெண்ணைத் திட்டுகிறார்கள். அந்தப் புருசன்காரனுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா என்று ஒருத்தி, மாமியார் ரொம்ப அழுகிறாள், எங்கள் காலத்தில் இப்படியா அழுதோம் என்று இன்னொருத்தி. தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிகூட வருகிறாள், ரமணியைப் பார்த்து ஜாஹாட் ஜாஹாட் என்று மலாயில் திட்டிவிட்டு, பாகூஸ் லா என்று கட்டைவிரலையும் தூக்கிக் காட்டுகிறாள், இவர்களில் நாடகம் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அப்பாவுக்கு இருக்கிற ஒரே குறை, கதையில் வருகிற ரயில் அந்த நேரத்துக்குக் கிள்ளானிலிருந்து புறப்படவே புறப்படாது என்பது.

முதலில் இது எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பாசாரில் காய் விற்கிற அக்கா, உங்களையும் இப்படித்தான் பண்ணுதா இந்தப் பொண்ணு என்று கேட்டு என்மேல் இரக்கப்பட்டுக் கறிவேப்பிலையை அள்ளிப் போட்டாள், நானும் ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். சிரிப்பு நின்றது கிள்ளானில் நம் லெட்சுமி மகள் கல்யாணத்தில்தான். ரமணி மஸ்ஜித் இந்தியாவில் எடுத்த மயில்நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றாள், சந்தனத் தட்டு இன்னொரு பெண் கையில். வருகிறவர்கள் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு இவளைத் தாண்டிப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி நின்று பார்த்து, மங்கல காரியத்துக்கு இந்தக் கைதான் கெடச்சுதா என்று எல்லார் காதிலும் விழச் சொல்லி, செம்பை இவள் கையிலிருந்து வாங்கி வேறு பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். ரமணி சரிங்க ஆன்டி என்று சிரித்தமுகமாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் வாழையிலை துடைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நடிப்பு என்று தெரியாமலா செய்தார்கள், தெரியும், தெரிந்தும் செய்தார்கள். உன் அத்தை அந்த இடத்தில்தான் நின்றிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, உனக்குக் கடிதம் எழுத மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

அத்தை பார்த்த வரன் விஷயமும் உனக்குத் தெரியும், கிள்ளான் துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருக்கிற பையன், நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருகிறோம், ஆனால் அதற்கு முன்னால் நாடகத்தை விட்டுவிட வேண்டும் என்று பையனின் அம்மா சொல்லியனுப்பினார். உன் கடிதமும் அந்த வாரமே வந்தது. குளித்துவிட்டு வந்த ரமணி, பரவால்லம்மா, சனிக்கிழமை போய் நின்னுக்கிறேன்னு சொல்லிட்டு வந்துடுறேன் என்றாள். டைரக்டரிடம் போனிலும் பேசிவிட்டாள், அவர் வருத்தப்பட்டு, வேறு வழியில்லை, மாலினியை லோரியில் அடித்துப் போட்டுவிட்டு, படத்துக்கு மாலை போட்டு மாமியார் அழுது மன்னிப்பதாகக் கதையை முடித்துவிடுகிறோம் என்றாராம். நானும் சரி, பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை அமைந்தால் போதும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வீட்டு வீரம்மா அக்காவை உனக்கு நினைவிருக்கும், தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கிற பேக்டரிக்கு லோரி ஓட்டுகிறவனின் அம்மா. அவரும் மருமகளும் வியாழன் தவறாமல் வருவார்கள், மருமகள் நாற்காலியில், அக்கா கதவோரம் தரையில். எங்கள் வீட்டில் மாலினியை அதிகமாகத் திட்டுவது அந்த மருமகள்தான், ரமணி கையால் கோப்பி வாங்கமாட்டாள், நான் கொடுத்தால்தான் குடிப்பாள். அந்த வாரம் மாலினி, மாமியாரின் மங்குத் தட்டைக் கழுவி, மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காமல், பின்பக்க ஜன்னலில் வெளியே வைப்பதாக வந்தது. எல்லாரும் வாயில் வந்ததைப் பேசினார்கள், மருமகள் விளக்குமாறு என்ற வார்த்தைவரைக்கும் போய்விட்டாள். வீரம்மா அக்கா மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் பின்னால் துணி காயப்போடும்போது வந்து நின்றார். தங்கச்சி, ஒங்க ரமணி எங்க வீட்டுப் பின்பக்கம் எப்பவாச்சும் வந்துச்சா என்றார். இல்லையே அக்கா, ஏன் என்றேன். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் தட்டும் அங்கதான் இருக்கு, கொழாயடி ஜன்னல்ல, மகனுக்குத் தெரியாது என்றார். இத்தனை வருசம் பக்கத்தில் இருக்கிறோம், எனக்கும் தெரியாது. பிறகு அவர் கேட்டதைக் கேள். அந்த மாமியார் ஒரு நாளாவது வாயத் தொறந்து கேப்பாளா, கேட்டா எப்படிக் கேப்பான்னு நான் பாக்கணும் தங்கச்சி, அதுக்குத்தான் ஒக்காந்திருக்கேன் என்றார்.

கேட்பாள் என்று எனக்குத் தெரியும், ரமணி வசனம் பாடம் பண்ணும்போது மாமியார் பாகத்தைப் படிப்பது நான்தானே. ஆனால் ரமணி நின்றுவிட்டால் அந்தக் காட்சி கிடையாது, மாமியார் ஒன்றும் கேட்காமல் மாலை போட்ட படத்தின் முன்னால் அழுது மன்னிக்கப்போகிறாள். வீரம்மா அக்கா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஜன்னலிலிருந்து தட்டை எடுத்துச் சாப்பிட வேண்டும். எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே வந்து ரமணியிடம், நீ சனிக்கிழமை போகிறாய், நிற்பதற்கு இல்லை, நடிப்பதற்கு என்று சொன்னேன். அவள் கிள்ளான்காரங்க என்றாள். அது என் பாடு, நீ டைரக்டருக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொல் என்றேன். அன்று மாலையே அப்பாவைக் கிளப்பிக்கொண்டு கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். பையனின் அம்மா முறுக்கு வைத்து மரியாதையாகத்தான் பேசினார், பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா எங்க சொந்தக்காரங்க பாத்தா மாலினின்னுதானே சொல்வாங்க என்றார். சொல்லட்டும், நாடகம் முடிகிறவரை அவள் நடிப்பாள், இதற்குப் பிறகு இன்னொன்று வந்தால் அதிலும் நடிப்பாள், அது ஒத்துவரும் என்றால் வாருங்கள், வராவிட்டாலும் எங்களுக்கு உங்கள்மேல் வருத்தமில்லை என்றேன். அப்பா அதுவரை முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தவர், ரயிலுக்கு சிக்னல் கொடுத்துவிட்டுப் பாதியில் திருப்பி வாங்கிப் பழக்கமில்லை அம்மா என்று சொல்லி எழுந்துகொண்டார். எனக்கே அவரை அப்போதுதான் பிடித்தது என்று எழுதினால் சண்டைக்கு வருவார், எழுதவில்லை. வரன் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன், பெண்ணைப் பெற்றவளுக்கு அழுகை வராமல் இருக்குமா, ஆனால் செய்ததை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

நேற்று அந்தக் காட்சி வந்தது. மாமியார் ஜன்னலிலிருந்து தட்டை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் மாலினி முன்னால் வைத்து, இந்த வீட்டில் என் தட்டு எங்கே இருக்க வேண்டும், எல்லார் முன்னாலும் நீயே சொல் என்று கேட்கிறாள், கத்தவில்லை, அழவுமில்லை. மாலினிக்கு அந்த இடத்தில் கோபமாகப் பேச வசனம் இருந்தது, ரமணி அதைப் பேசாமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாளாம், டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். நம் வீட்டில் சீன ஆன்டி, என்ன சொல்றா என்று மலாயில் கேட்கிறாள், யாரும் சொல்லவில்லை. வீரம்மா அக்காவின் மருமகள் கோப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு, அடுப்பில் சோறு இருக்கிறது என்று எழுந்து போனாள். அக்கா போகவில்லை. மலாய்ச் செய்தி தொடங்குகிறவரை உட்கார்ந்திருந்தார், பிறகு தரையிலிருந்து எழுந்து மருமகள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ரமணி, எனக்கு ஒரு கோப்பி கொண்டாம்மா என்றார். அவள் கையால் வாங்கி முழுவதையும் குடித்துவிட்டு, சீனி கொஞ்சம் கம்மி என்றார். இன்று காலை நான் எட்டிப் பார்த்தேன், ஜன்னலில் தட்டு இல்லை. உள்ளே போனதா வேறு எங்கே போனதா தெரியாது, அக்காவாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

ஆகவே கன்னையா, ரமணி நாடகத்தை விடமாட்டாள், நான் விடவும் விடமாட்டேன், இதில் நீயோ அத்தையோ இனி எழுதி ஒன்றும் மாறப்போவதில்லை. நீ ஒரு வாரம்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டாய். அதனால் ரமணியின் சிநேகிதி வீட்டில் பதிந்த வீடியோ கேசட்டை, மகளைப் பார்க்க லண்டன் வருகிற நம் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் அடைக்கப்பன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவார். கூட்டாளிகளோடு உட்கார்ந்து பார், வெள்ளைக்காரன் கேட்டால் இது என் தங்கச்சி என்று சொல். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுது, நடிப்பைப் பற்றி எழுது, அதைத் தாங்கிக்கொள்வாள்.

குளிர்காலத்துக்கு முன்னால் நல்ல சுவெட்டர் ஒன்று வாங்கிக்கொள், கோவிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்த திருநீறு இதோடு இருக்கிறது, நெற்றியில் இட்டுக்கொண்டு டூட்டிக்குப் போ. அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பாள், நோயாளிகள் உன்னை மகன் என்று கூப்பிடுகிறார்கள் என்றால் அதைவிட எனக்கு என்ன வேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள். உன் அடுத்த கடிதத்தையும் இந்த வீட்டில் பிரித்து உரக்கப் படிக்கப்போகிறவள் அவள்தான். அதை நினைத்துக்கொண்டு எழுது.

உங்கள் இருவருக்கும் அம்மா,
இராஜம்மா