வீடு பார்க்க வந்தார்கள், ராத்தா

சாய்ந்தமருது
2009 ஜூன் 17

கொழும்புப் பக்கம் போய்க் குந்தியிருந்து பிரெஞ்சு படிக்கும் என் ராத்தா ஸுஹைறாவுக்கு, உன் வாயாடித் தங்கச்சி ஸம்ஸியா ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

இங்கே உம்மா சுகம். வாப்பா சுகம். வாப்பாவின் இருமல் அவரைவிடச் சுகம், வீட்டில் அதற்குத்தான் இப்போது சத்தம் கூட.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உம்மாவின் கண்ணாடியைக் கடல் கொண்டு போன நாளிலிருந்து கடிதம் வாசிக்கிற உத்தியோகம் எனக்குத்தானே. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கே வரப்போகிறேன் என்று நீ எழுதியிருந்த பக்கம் வந்ததும், நான் அதை விட்டுவிட்டு ஹொஸ்டல் பருப்பைப் பற்றி நானாகவே கொஞ்சம் வாசித்தேன். பருப்பில் தண்ணீர், தண்ணீரில் உப்பு, உப்பில் மட்டும் குறைவில்லை என்று. உம்மா சிரித்தா. பிறகு, என்ட புள்ள மெலிஞ்சிருப்பாள் என்று சொல்லி அழுதா. இரண்டுக்கும் நடுவில் நான் கடிதத்தை மடித்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தைத் தனியாக இருந்து பிறகு பல தடவை வாசித்தேன். கொழும்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு படித்துவிட்டு வந்தவர்கள் என்கிறாய். ஒரு நாவலின் ஒரு பக்கத்தை அகராதியை வைத்துக்கொண்டு கண் எரிய எரிய வாசித்துவிட்டுப் போனால், அடுத்த நாள் வகுப்பில் அதே பக்கத்துக்கு எல்லாரும் சிரிக்கிறார்களாம். அதில் பகிடி இருந்ததே உனக்குத் தெரியாதாம். நீயும் சேர்ந்து சிரித்தாயாம். களைத்துப்போனேன் என்று எழுதியிருந்தாய். அந்த எழுத்தே படுத்துக் கிடந்தது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். நாங்கள் என்ன ஐரோப்பாவைக் காணாத ஆட்களா? கதிரையில் இருக்கிறோம், அலுமாரியைப் பூட்டுகிறோம், குசினியில் சமைக்கிறோம். எல்லாம் போர்த்துக்கேயன் விட்டுப்போனது என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். கக்கூசு ஒல்லாந்தருடையதாம். ஆக, போர்த்துக்கேயன் சாப்பாட்டுக்கு, ஒல்லாந்தன் அதற்குப் பிறகு. பிரெஞ்சுக்காரன் ஒருத்தன்தான் எங்கள் வீட்டுக்குள் வராமல் நின்றான். அவனை நீ கையில் பிடித்துக்கொண்டு வரப்போகிறாய் என்று நான் வகுப்பில் பீற்றித் திரிகிறேன். பாதி வழியில் அவனை விட்டுவிட்டு வந்தால் என் மானம் என்னாவது?

உன்னோடு படிக்கிறவர்கள் பிரெஞ்சைப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். நீ சுனாமியாகக் கடல் வந்த அடுத்த கிழமை, அகதி முகாமில், அந்தப் பிரெஞ்சு டொக்டர்மாரின் கூடாரத்தில் படித்தாய். ‘எங்கே நோகுது?’ அதுதான் உன் முதல் பிரெஞ்சு வசனம். ஊ எஸ்-க ஸா ஃபே மால். அந்த நேர்ஸ் சொல்லச் சொல்ல, நீ பாய் பாயாகப் போய்ப் பிரெஞ்சிலும் தமிழிலும் கேட்டாய். சனம் காலைக் காட்டியது, நெஞ்சைக் காட்டியது. எங்கள் உம்மா கடல் பக்கம் கையைக் காட்டினா. அதை அந்த நேர்ஸுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நீ நின்ற நிற்பு எனக்கு இன்னும் ஞாபகம். அன்றைக்கே நீ படிக்கப் போய்விட்டாய் ராத்தா. கம்பஸுக்கு எடுபட்ட கடிதம் பிறகுதான் வந்தது.

யுத்தம் முடிந்த அன்று உங்கள் கம்பஸ் வாசலில் வெற்றி கொண்டாடிப் பாற்சோறு கொடுத்தார்கள், வாங்கினாலும் பயம், வாங்காவிட்டாலும் பயம் என்று எழுதியிருந்தாய். இங்கே வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே உம்மா கடல்தான் திரும்பி வருகிறது என்று எழும்பி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டா, காலில் செருப்பும் இல்லை. இனி கொழும்பு பஸ்ஸை வழி நெடுக மறித்துச் சோதிக்க மாட்டார்களாம் என்று வாப்பா சொன்னார். கல்முனையிலிருந்து மீன் கொண்டு வருகிற பூமணி அக்கா இப்போது விலையை மட்டும்தான் கதைக்கிறா. அவவின் தங்கச்சி குடும்பம் வன்னியில் இருந்தது. ஒரு தகவலும் இல்லையாம். நான் வழக்கம்போல மீனுக்குப் பேர் வைத்துப் பகிடி பண்ணப் போய், அவவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். நான் நிறுத்தினேன் என்றால் நிலைமையை விளங்கிக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளி உனக்குக் கலியாணம் பேசி ஆட்கள் வந்தார்கள். அட்டாளைச்சேனையில் பயிற்சி முடித்த வாத்தியார் ஒருவர், பேர் அஸ்கி. அவருடைய உம்மா றாபியா மாமியும் அவவின் தங்கச்சிமார் இரண்டு சாச்சிமாரும் வந்தது உன்னைப் பார்க்க இல்லை, வீட்டைப் பார்க்க. மாப்பிள்ளை வந்து இருக்கப்போவது பொம்புளையின் வீட்டில்தானே, வீடு பிடித்தால்தான் மற்றக் கதை. உம்மாவின் சீதன வீட்டைக் கடல் எடுத்து, வளவில் கிணறு மட்டும் மிஞ்சி, அங்கே இனிக் கட்டக்கூடாது என்று அரசாங்கமும் கல் நட்டுவிட்டது. கையில் இருப்பது சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த இந்த வீடு ஒன்று. கலியாணமாகாத குமர் இரண்டு.

உன்னை அங்கிருந்து இழுக்க வந்தவர்கள் என்றுதான் நான் பார்த்தேன். ஆகவே என் வேலையைத் தொடங்கினேன். வரவேற்பறைச் சுவரில் பெரிய வெடிப்பு இருக்கிறதே, அதை மறைக்க உம்மா மக்கத்துக் கலண்டர் மாட்டியிருந்தா. இன்றைக்கு என்ன தேதி மாமி என்று கேட்டுக்கொண்டே கலண்டரைக் கழற்றினேன். வாசல் குழாயை ஒரு சாச்சி திறந்தா. தண்ணீர் வரவில்லை, ஏனென்றால் தண்ணீர்த் தாங்கியின் திருகை நான்தான் விடியவே பூட்டிவிட்டேன். இந்த வீட்டுக் குழாயும் நோன்பு பிடிக்கிற குழாய், பொழுது பட்டு மஃரிபுக்குத்தான் திறக்கும் என்றேன். ராத்தா எப்படி என்று றாபியா மாமி கேட்டா. நல்லவள்தான் மாமி, ஆனால் விடியச் சுபஹுக்கு எழும்பித் தொண்டையில் மீன்முள் சிக்கினது மாதிரி ‘ர’ சொல்லிப் பழகுவாள், பக்கத்து வீட்டார் டொக்டரைக் கூட்டிவரப் பார்த்தார்கள் என்று சொல்லி, அந்த ‘ர’வைச் செய்தும் காட்டினேன்.

உம்மா குசினிக்குள் நின்று கையைப் பிசைந்தா. றாபியா மாமி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை மடியில் விழுந்தது.

போன ஆட்கள் திரும்ப வரமாட்டார்கள் என்று அன்று நன்றாகச் சாப்பிட்டேன். மற்ற நாள் காலையில் தரகர் பதியுதீன் காக்கா வந்தார். வெடிப்புக்குச் சீமெந்து பூசலாமாம். மூத்தவள் படிக்கட்டுமாம், காத்திருக்க அவர்களுக்கு ஏலாதாம். அந்த வாய்க்காரியைத் தருவீர்களா என்று றாபியா மாமி கேட்டு அனுப்பியிருக்கிறாவாம்.

நான் வைத்த பொறியில் நானே போய் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

உம்மாவுக்கு அது சரியாகப் படவில்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்கு வீடு எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்று இரண்டு நாள் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தா. அவள் வந்தால் மாப்பிள்ளையும் அவளுக்கு, வீடும் அவளுக்கு, வரச்சொல்லி எழுது என்று என் முன்னால் கடதாசியை வைத்தா. வாப்பா இருமி முடித்துவிட்டு, அவள் படிக்கட்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன். கோபமே இல்லை. சரியான களைப்பு. கடலுக்கும் யுத்தத்துக்கும் நடுவில் எங்களை வளர்த்தெடுத்த களைப்பு.

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஓகஸ்டில், கம்பஸ் போகிறதுக்கென்று நான் படித்த ஏ.எல். சோதனை முடிந்த பிறகுதான் நிக்காஹ். வீட்டின் கிழக்கு அறை உன்னுடையது, அதை வீட்டு உறுதிப் பத்திரத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்டேன், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையை நல்லவர் என்கிறார்கள். வாத்தியார் என்பதால் வீட்டிலும் அவரை ‘சேர்’ என்று கூப்பிட வேண்டி வருமோ என்பதுதான் என் பெரிய கவலை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே நீ வந்தும் பிரயோசனமில்லை. இங்கே உனக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை, வீடும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அங்கேயே இரு. அந்த நாவலைத் திரும்பவும் வாசி. பகிடி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து எனக்கு எழுது. விளங்காமல் சிரித்தது போதும்.

அடுத்த வருஷம் எனக்கும் உன் ஹொஸ்டல் அறையில் ஒரு கட்டில் பிடித்து வை என்று சொல்லியிருந்தேனே, அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. கடிதத்தின் அடியில் நீ எனக்கு எழுதி அனுப்புகிற பிரெஞ்சுச் சொற்களை அலுமாரிக் கதவின் உள்பக்கம் சோக்குக் கட்டியால் எழுதிப் பாடமாக்குவேன். கலியாணத்துக்கென்று உம்மா அலுமாரிக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டா. அதனால் என்ன, சொற்களை நிறுத்திவிடாதே. நான் வேறு கதவு பார்க்கிறேன்.

அல்லாஹ் உன் நாக்கை லேசாக்கி, உன் கண்ணுக்குக் குளிர்ச்சியைத் தந்து, அந்தப் பட்டத்தை உன் கையில் வைப்பானாக. ஆமீன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கூடாரத்தில் பாய் பாயாகப் போய்க் கேட்டாயே, அந்த முதல் வசனம். பதில் எழுதும்போது அதை என்னிடம் கேட்டுவிடாதே, ராத்தா.

இப்படிக்கு,
உன் தங்கச்சி
ஸம்ஸியா