மில்லுக்குப் போன கம்பம்

மேட்டுக்காட்டுப்பாளையம்
10.3.1982

அன்புள்ள பொன்னாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், கிணற்றைத் தவிர. நீ கல்யாணமாகிச் சேலம் போய் ஏழு மாதம் ஆகிறது. விடுதி அறையில் மூன்று வருடம் உன்னோடு ஓயாமல் பேசிய நான், இப்போது நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதிலும் இரண்டு வார்த்தை ஆட்டுக்குட்டியிடம். ஊரின் முதல் பட்டதாரி என்பதால் பெண்கள் மரியாதையாகத் தள்ளி நிற்கிறார்கள். ஆண்கள் மணியார்டர் பாரம் எழுத மட்டும் வருகிறார்கள். உன் கடிதம் வரும் நாளை எண்ணித்தான் இருக்கிறேன்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் உன் மாமனாரின் சேகோ மில்லில், ஜவ்வரிசிக்காக மரவள்ளிக் கிழங்கு அரைத்த கழிவுத் தண்ணீர் குழாய் வழியாக ஓடையில் விழுகிறது. அங்கிருந்து எங்கள் ஊர்க் கிணற்றில் ஊறி இறங்குகிறது. வாளி மேலே வருமுன்பே புளித்த நாற்றம் வந்துவிடுகிறது. கல்லூரியிலிருந்து கொண்டுவந்த நீல லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்துவிட்டது. அம்மாவிடம் காட்டினால், "தாளு செவந்தா என்ன அம்மணி? என் ரெண்டு காலும் செவந்து அரிக்குது, அத எங்க கொண்டுபோய்க் காட்டறது?" என்கிறாள். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லேன்.

உன்
குஞ்சம்மாள்

சேலம்
15.3.1982

அன்புக் குஞ்சு,

சாப்பாடு போடும்போது மாமாவிடம் கேட்டே விட்டேன். "கெணறுன்னா தவளை செத்துக் கெடக்கும் சாமி. படிச்ச புள்ளைகளுக்கு மூக்கு நீளம்" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தை அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மில்லுப் பேச்சு மருமகளுக்கு எதற்கு என்று கேட்டார். எனக்கு இது ஐந்தாம் மாதம். இந்த வீட்டில்தான் பெற்று வளர்க்கவேண்டும். இனி என்னால் கேட்க முடியாதடி. மில்லைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுது. நீ எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

22ஆம் தேதி மில்லில் புது பாய்லருக்குப் பூஜை, ஊருக்கே சாப்பாடு. நீயும் போய் ஜவ்வரிசிப் பாயசம் குடித்துவிட்டு வா.

உன்
பொன்னா

மேட்டுக்காட்டுப்பாளையம்
24.3.1982

அன்புள்ள பொன்னாவுக்கு,

மில்லைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். ஆனால் ஊரில் வேறு செய்தியே இல்லை. ஆத்தூர்ப் பெண்ணான உனக்கு எங்கள் வழக்கம் தெரியாது. மாரியம்மன் நோன்புக்கு, மூன்று கிளையாகக் கவர்விட்ட வேப்பங்கம்பம் ஒன்றைக் கோயில் முன் நடுவார்கள். அதுதான் பதினைந்து நாளைக்கு அம்மனின் வீட்டுக்காரர். பெண்கள் காலையும் மாலையும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கடைசி நாளில் கோயில் பூசாரியான பண்டாரம்தான் அதைப் பிடுங்கவேண்டும். வேறு யாரும் கை வைக்கக்கூடாது.

பாய்லர் பூஜையன்று மாலை தண்ணீர் ஊற்றப் போனால் கம்பத்தைக் காணோம்! தேடினால், மில்லின் பின்பக்கம் கழிவுக் குழாய்க்குள் அடிமுனை நுழைந்து, மூன்று கவரும் வெளியே தெரிய நிற்கிறது. சுற்றிலும் சாக்கு அடைத்திருக்கிறது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பெண்கள் ஒன்றும் யோசிக்கவில்லை. குடத்தோடு அங்கேயே போய் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்கள்.

ஏட்டையா வந்தார். முதலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "கைரேகை எடுக்கோணும். ஆனாத் தொடப்படாதுங்கறீங்க" என்றார். "ஊர்ப் பொம்பளைங்க ரேகை அத்தனையும் அதுல இருக்குதுங்க, யாரதுன்னு எடுப்பீங்க?" என்றார் அர்த்தநாரிப் பண்டாரம். நோன்பின் கடைசி நாளான 31ஆம் தேதிக்கு முன்னால் பிடுங்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
குஞ்சம்மாள்

சேலம்
26.3.1982

அன்புக் குஞ்சு,

உன் கடிதத்தைப் படித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இங்கே சிரிக்க முடியாது. மில் முற்றத்தில் முழங்கால் அளவு கழிவு நிற்கிறதாம். கணக்குப்பிள்ளை மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறாராம். மாமாவுக்கும் கம்பத்தைத் தொடப் பயம். ஆனால் ஆளைப் பிடித்துவிட்டார்கள். போன மாதம் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட மாரிதானாம். ஜெயிலில் போடாமல் விடமாட்டேன் என்கிறார் மாமா.

விடுதியில் துப்பறியும் கதை படித்தால் பாதியிலேயே ஆளைச் சொல்லிவிடுவாயே. மாரிதானா? உனக்கு என்ன தோன்றுகிறது?

உன்
பொன்னா

மேட்டுக்காட்டுப்பாளையம்
28.3.1982

அன்புள்ள பொன்னாவுக்கு,

மாரி இல்லை. நான்தான்.

வெறும் கல்லை வைத்து அடைத்தால் அரை மணியில் எடுத்துவிடுவார்கள். கம்பத்தை எடுக்கமாட்டார்கள் என்று தெரியும். ஊரே உன் மாமா வீட்டுப் பாயசத்துக்குப் போயிருந்தது. தினமும் தண்ணீர் ஊற்றி மண் சேறாகிக் கிடந்ததால், இரண்டு ஆட்டு ஆட்டியதும் கம்பம் வந்துவிட்டது. மாட்டுத் தீனிச் சோளத்தட்டுக் கட்டுக்குள் மறைத்துக் கட்டி, அப்பாவின் சைக்கிளில் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். ஒருவர், "அம்மணி, மாப்பிள்ளை ஏதும் அமைஞ்சுதா?" என்றார். மற்றவர், "உத்தியோகம் வந்துச்சா?" என்றார். ரெண்டும் இல்லீங்க என்றேன். பாவம் என்று போய்விட்டார்கள். சைக்கிளில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மில்லின் முன்பக்கம் பந்தியில் இருந்ததால், பின்பக்கக் குழாயில் கம்பத்தை நுழைத்துச் சாக்கால் அடைத்ததையும் யாரும் பார்க்கவில்லை.

மாரியின் மனைவி காளியாத்தாள் ஸ்டேஷன் வாசலில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறாள். நானும் ஸ்டேஷன்வரை போனேன். ஏட்டையா, "மனு எழுதித் தர வந்தியா சாமி? அந்தப் பக்கம் உக்காரு" என்றார். திரும்பிவிட்டேன். பேச வராது, எழுதத்தான் வரும். இந்தக் கடிதத்தை உன் மாமாவிடம் காட்டிவிடு. காட்டினால் நீ என்னோடு பேசக்கூடாது என்பார்கள். அதுவும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

குஞ்சம்மாள்

சேலம்
1.4.1982

குஞ்சு,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். மாமாவிடம், அம்மன் கனவில் வந்ததாகச் சொன்னேன். 'உன் சாக்கடையை அடைக்க என் வீட்டுக்காரரை நானே கொண்டுபோய் நிறுத்தினேன், அதற்கு யாரையோ பிடித்து வைத்திருக்கிறாயே' என்று கேட்டதாகச் சொன்னேன். மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அன்றே போய்ப் புகாரை வாபஸ் வாங்கினார். கழிவுக்குத் தன் நிலத்திலேயே குட்டை வெட்டுவதாக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்திருக்கிறார்.

வயிற்றுப் பிள்ளையோடு அம்மன் பெயரில் பொய் சொல்லியிருக்கிறேன். நீ செய்தது தப்பு என்று நினைக்கவில்லை. ஆனால் மாமா என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் திக்கென்கிறது. உன் கையெழுத்தில் இன்னொரு கடிதம் வந்தால் உளறிவிடுவேன். எழுதாதே. நானும் எழுதவில்லை.

பொன்னாத்தாள்

மேட்டுக்காட்டுப்பாளையம்
19.4.1982

பொன்னா,

மாரி வந்துவிட்டார். கம்பத்தைப் பண்டாரம்தான் பிடுங்கினார், ஆனால் அவர் இடுப்பைப் பிடித்து நாலு பேர் இழுக்கவேண்டியதாயிற்று. கழிவு பீறிட்டு வந்த வேகத்தில் ஏட்டையாவின் தொப்பிவரை நனைந்தது. குட்டை பாதி வெட்டியாகிவிட்டது. கிணறு தெளிய வருடங்கள் ஆகும். அதுவரை மேற்குத் தோட்டத்துக் கிணற்றுக்கு நடக்கிறோம்.

இன்று அங்கே பெண்கள், கம்பத்தை எடுத்தது யார் என்று மறுபடி ஆரம்பித்தார்கள். பண்டாரம் என்றாள் ஒருத்தி. மில் வாட்ச்மேன் என்றாள் இன்னொருத்தி. ஏட்டையாவையும் விடவில்லை. கடைசியில் ஆத்தாயி, "அம்மனேதான், வேற யாருக்கு இந்த ஊர்ல அத்தன தகிரியம்?" என்று முடித்துவிட்டு, "அம்மணி, சும்மாத்தான நிக்கற, இந்தக் கொடத்தத் தூக்கி உடு" என்றாள். தூக்கிவிட்டேன்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. உன்னிடம் சொல்லவேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு வந்தேன். தாளை எடுத்து உன் பெயரை எழுதிய பிறகுதான் நீ எழுதாதே என்றது நினைவு வந்தது. இதைத் தபாலில் போடமாட்டேன்.

குஞ்சம்மாள்